சூடானில் எனக்கு ஒரு பசுமாடு

1

ஆறு மாதத்துக்கு முன்னால் என் மகள் செல்வியின் பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு ஹவல்தார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். பூட்ஸைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை என்று வாசலிலேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். என் மனைவி பாண்டியம்மா கொடுத்த காபியை, சாய் இல்லையா என்று கேட்காமல் குடித்தார். பூனாவில் ஒரு தமிழனுக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த மரியாதை அது.

"மூள் காவ்?" என்றார். சொந்த ஊர் எது என்று மராத்தியில் கேட்கிறார்.

"மதுரை ஜில்லா, திருமங்கலம் பக்கம்."

"அங்க என்ன இருக்கு? வீடு, நிலம்?"

"ஒண்ணும் இல்ல சாஹேப். எல்லாம் அண்ணனுக்கு எழுதிக் குடுத்தாச்சு."

"இங்க?"

"இந்த வீடுதான்."

"வேற எங்கயாச்சும் சொத்து?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் எனக்கு நாக்கு அரித்தது. சூடான் தேசத்தில் ஒரு செவலைப் பசு இருக்கிறது சாஹேப் என்று சொல்லியிருந்தால் செல்விக்குப் பாஸ்போர்ட் கிடைத்திருக்காது, எனக்கு ஏரவாடா மனநல ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நான் இந்த ஊருக்கு வந்து இந்த வருடத்தோடு இருபத்தைந்து வருடம். ஊரிலிருந்து யார் வந்தாலும் "அங்க என்னத்தச் சம்பாரிச்ச?" என்று கேட்கிறீர்கள். கணக்கில் ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது. அந்த மாடு என் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் இது.

2

கட்கி தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, போபோடியில் ஒரு சந்துக்குள் இடம் வாங்கி, கீழே இரண்டு அறையும் மேலே ஒரு தகர ஷீட் அறையுமாக நான் கட்டிய வீடு இது. எங்கள் சந்தில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். வந்த புதிதில் எங்களை லுங்கிவாலா என்பார்கள், நிறத்தைச் சொல்லியும் கூப்பிடுவார்கள். பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்வது பாதிதான் உண்மை. நானும் ஒரு வீம்பை வளர்த்துக்கொண்டேன். இந்த ஊர்க்காரர்களிடம் எதையும் வாங்கிக்கொள்வதில்லை என்ற வீம்பு.

எதிர்வீட்டு ஷிந்தே அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் சக்லி, கரஞ்சி என்று ஒரு தட்டு பலகாரம் அனுப்புவார். தட்டு வந்த சூட்டோடு அதைவிடப் பெரிய தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்துத் திருப்பி அனுப்பச் சொல்வேன். "ஆறப்போட்டுக் குடுத்தா என்ன? நாய் துரத்துதா?" என்பாள் பாண்டியம்மா. அவளுக்குப் புரியாது. நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால், இந்த ஊரில் யாருக்கும் நான் பாக்கி இல்லை என்று இருக்க வேண்டும். அதுதான் என் கொள்கை. பெட்டி கட்டவே இல்லை என்பது வேறு விஷயம்.

மேல் அறைக்கு அச்சோல் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். தெற்கு சூடானிலிருந்து பி.காம். படிக்க வந்த பெண். அவளும் தோழி ஒருத்தியும் வீடு தேடி அலைந்து, எல்லா வாசலிலும் "காலி நஹீன்" என்ற பதிலையே கேட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். எங்கள் கதவு நிலையைவிட உயரம். குனிந்துதான் உள்ளே வர வேண்டும். என் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் ஒழுகும் அந்த அறைக்கு வேறு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் தமிழ் ஆட்களே முகம் சுளித்தார்கள். "இம்புட்டுக் கறுப்பா இருக்குகளேண்ணே" என்றார் பக்கத்து வீட்டுப் பெருமாள். பெருமாளைக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தத்தான் நினைத்தேன்.

சந்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் என்னை மாமா என்பார்கள். அச்சோலும் மாமா என்றாள். அவள் பேசுவது கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி, பாண்டியம்மாவிடமிருந்து பொறுக்கிய கொஞ்சம் தமிழ். "அக்கா, கஞ்சி பஹுத் சூடா" என்கிற மாதிரி. அந்தக் கஞ்சி அவளுக்கு டைபாய்டு வந்தபோது பழக்கமானது. தோழி விடுமுறைக்குப் போயிருந்தாள். பாண்டியம்மா அவளைக் கீழே கொண்டுவந்து செல்வியின் பக்கத்தில் படுக்கவைத்து, காய்ச்சல் விடும் வரை கஞ்சி ஊட்டினாள். கட்டில் நீளம் போதாமல் அந்தப் பெண்ணின் கால் ஒரு ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டிருக்கும்.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஊர் மாணவர்கள் மேலே கூடுவார்கள். ஆட்டுக்கறி வேகும், சிரிப்பு கேட்கும். மாடிப்படியில் உட்கார்ந்து நானும் சில நாள் பேச்சுக் கொடுப்பேன். ஒன்றைக் கவனித்தேன். அவர்கள் பேச்சில் பூனா ஓர் ஊரே இல்லை, ரயில் மாறுகிற ஸ்டேஷன். ஒருவன் கனடா, ஒருவன் அமெரிக்கா, ஒருத்தி கெய்ரோ வழியாக எங்கேயோ. சண்டைக்குப் பயந்து கிராமத்தை விட்டுக் கார்ட்டூம் நகரம், அங்கே நிம்மதி இல்லை என்று இங்கே, இங்கே படிப்பு முடிந்தால் வீசா முடிந்தது, அடுத்தது எங்கே?

"எங்க போயி நிப்பீங்க?" என்று மஜோக்கிடம் ஒருநாள் கேட்டேன். மஜோக் அவர்களில் மூத்தவன், சட்டம் படித்தான். ஏரவாடாவில் ஒரு மாடி வீட்டில் இருந்தான். மஜோக் என்பது கறுப்பும் வெள்ளையும் கலந்த காளைக்கு அவர்கள் பாஷையில் சொல்கிற பெயராம். எங்கள் பக்கம் மாட்டுக்கு நிறத்தை வைத்து மயிலை, செவலை, காரி என்று பெயர் வைப்போம், இவர்கள் மனிதனுக்கே வைத்துவிட்டார்கள்.

"நிற்க விடுகிற இடத்தில்" என்றான். "நீங்க எங்க நிப்பீங்க?"

"ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போயிருவேன்."

மஜோக் சிரித்தான். அந்தப் பதிலை அவன் நிறையக் கேட்டிருப்பான்.

மஜோக்கின் சித்தப்பா மகன் தெங். அச்சோலுக்கும் தெங்குக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று. இதில் எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் எதுவும் இல்லை, சந்துக்கே தெரியும். தெங்கின் அண்ணன் மெல்போர்னில் இருந்தான். தம்பியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டு, அது கனிந்து வந்திருந்தது. கல்யாணம் ஆகியிருந்தால் மனைவி பெயரையும் அதில் சேர்க்கலாம். ஆகாவிட்டால் தெங் மட்டும் போக வேண்டியதுதான். அச்சோலுக்கோ கடைசிப் பரீட்சை முடிந்துவிட்டது. படிப்பு இல்லையென்றால் இங்கே இருக்க அனுமதியும் இல்லை. வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் போலீஸ் அலுவலகத்துக்கு அவளோடு நானும் போய் வந்தேன். அங்கிருந்த அதிகாரி கோபப்படாமல், சட்டம் அப்படித்தான் என்று சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை, எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

ஆக, இரண்டே வழி. தெங்கைக் கட்டிக்கொண்டு மெல்போர்ன். இல்லாவிட்டால் தனியாக, சண்டை ஓயாத அந்த நாட்டுக்கே திரும்ப வேண்டும்.

4

கல்யாணத்தைப் பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். அவ்வளவு லேசில்லை என்றாள் அச்சோல்.

அவள் அப்பா சண்டையில் போய்விட்டார். சித்தப்பா கார்ட்டூமில் இருந்து சம்மதம் சொல்லிவிட்டார். அப்பா வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்க வேண்டிய மாடுகளைப் பற்றி மஜோக் போனில் பேசி முடித்துவிட்டான். அவர்கள் வழக்கத்தில் மாடு கைமாறாமல் கல்யாணம் இல்லை. தடை அம்மா. அவர் கென்யாவில் ஓர் அகதி முகாமில் இருந்தார். பெண்ணின் தாய்மாமன் வாய் திறந்து சரி என்று சொல்ல வேண்டும், அவன் வாழ்த்தாமல் போகிற பெண்ணுக்கு வயிறு திறக்காது என்பது அவர் பிடிவாதம். அவருடைய அண்ணன் தம்பிகள் ஒருவரும் உயிரோடு இல்லை.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல மாமா" என்றாள். "ஆனா அம்மாவுக்கு இருக்கு. அம்மாவை எப்பப் பார்ப்பேனோ தெரியாது. அழவெச்சிட்டுப் போக முடியாது."

தாய்மாமன் இல்லாமல் பெண் வீட்டில் ஒரு காதுகூடக் குத்த முடியாத ஊரிலிருந்து வந்தவன் நான். உலகத்தின் அந்தக் கோடியிலும் ஒரு தாய் இதற்காக அடம்பிடிக்கிறாள் என்றதும் எனக்கு அந்த அம்மாள் மேல் ஒரு மரியாதை வந்தது.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு போனுக்கு முகாமிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவும் மகளும் நெடுநேரம் பேசினார்கள். பிறகு அச்சோல் ரிசீவரை என்னிடம் நீட்டினாள். "காய்ச்சல்ல கஞ்சி கொடுத்தது யார் வீட்டுலன்னு கேட்டாங்க. சொன்னேன். அந்த ஆள்கிட்டப் போனைக் கொடு, அவர்தான் என் தம்பின்னு சொல்றாங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு குரல் எனக்குத் தெரியாத பாஷையில் சொல்லிக்கொண்டே போனது. இடையில் கொஞ்சம் அழுகை, பிறகு கொஞ்சம் அதட்டல். ஒரு சொல்கூடப் புரியவில்லை. அக்கா பேசும்போது தம்பி என்ன செய்வான்? "சரிக்கா. சரிக்கா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு பார்த்தால் என் கண் கலங்கியிருக்கிறது. பாண்டியம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

"என்ன தேடுற?"

"தாய்மாமன்னா சும்மாவா? வெறுங்கையை வீசிக்கிட்டா சபையில போயி நிப்பீக?"

5

அதன் பிறகு எங்கள் சந்தே அமர்க்களப்பட்டது. லக்ஷ்மி ரோட்டில் அரக்குக் கலரில் ஒரு பட்டுச் சேலை எடுத்தோம். அந்த உயரத்துக்குச் சேலை எட்டுமா என்று கடைக்காரரிடம் பாண்டியம்மா இந்தியில் சண்டை போட்டாள். எவர்சில்வர் குடம், தாம்பாளம், பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகை. முகம் சுளித்த அதே பெருமாள்தான் டெம்போ பேசிக் கொண்டுவந்தார். சீர் என்றால் எங்கள் ஆட்களுக்கு எல்லாம் மறந்துவிடும். ஷிந்தே அம்மாவும் ஒரு தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு டெம்போவில் ஏறிவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரமும் இல்லை.

ஏரவாடாவில் மஜோக் வீட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. கோட்டு சூட்டு போட்ட நெட்டை ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஜமக்காளத்தில் நாங்கள். நடுவில் சீர்த்தட்டுகள். அச்சோல் உள்ளறையில் செல்வியோடு இருந்தாள். செல்வி அப்போது பத்தாவது. இங்கிலீஷ் தெரிந்தவள் என்று அவளைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப் போயிருந்தோம், அவளோ அச்சோலுக்குப் பூ வைக்கப் போய்விட்டாள்.

மஜோக் எழுந்து நெஞ்சில் கைவைத்து நீளமாகப் பேசினான். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு நீல நைலான் கயிற்றை எடுத்தான். கட்கி பஜாரில் வாங்கியது, விலை அட்டை ஒட்டியிருந்தது. அதை என் முன்னால் வைத்து, எனக்குப் புரியட்டும் என்று இந்தியில் சொன்னான்.

"இது உங்கள் பசு. என் பெரியப்பாவின் பட்டியில் நிற்கிறது. சண்டை முடியும் வரை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பெண்ணின் மாமாவுக்கு எங்கள் குடும்பம் கொடுப்பது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருமகளைக் கொடுக்கிற இடத்தில் மாமன் கைநீட்டி வாங்குவதா? எங்கள் ஊரில் இதைக் கேள்விப்பட்டால் காறித் துப்புவார்கள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம். மாமன் குடுப்பான், வாங்க மாட்டான்" என்று கயிற்றை மரியாதையாக அவர்கள் பக்கம் தள்ளினேன். தள்ளிய கையோடு சீர்த்தட்டையும் அவர்கள் முன்னால் நகர்த்தினேன். நல்லவிதமாகத்தான் செய்தேன்.

சபை அமைதியாகிவிட்டது. மஜோக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடியும் எடுத்து என் முன்னால் வைத்தான். நாம் தான் ஒரு தடவை சொன்னால் வாங்க மாட்டோமே, மூன்று தடவை உபசாரம் வேண்டாமா? நான் மறுபடி "வேண்டாம்" என்று தள்ளினேன். தெங் தலையைக் குனிந்துகொண்டான். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். தட்டுகளை ஒருவனும் தொடவில்லை.

"சீர்த்தட்டத் தொடாம எந்திரிக்கிறானுக பாருங்கண்ணே" என்று பெருமாள் என் காதில் கொதித்தார். "நம்மளைக் கூப்பிட்டு வெச்சு அவமானம் பண்றானுக."

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். எழுந்துவிட்டேன். இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். நடுவில் குடமும் சேலையும் கயிறும் கிடந்தன.

அப்போதுதான் அச்சோல் உள்ளிருந்து வந்தாள். தலையில் பாதி வைத்த மல்லிகை. என் முன்னால் நின்று, பாண்டியம்மாவிடம் கற்ற தமிழில் கேட்டாள்.

"மாமா, நான் வேண்டாமா?"

அவள் பின்னாலேயே செல்வி ஓடிவந்தாள். "அப்பா, நீங்க மாடு வாங்கலன்னா ஷாதி கேன்சல். மாடு வேணாம்னா பொண்ணைத் தர மாட்டேன்னு அவங்களுக்கு மீனிங். மேல நீங்க சாமான் வேற குடுக்கறீங்க. கல்யாணம் டூட்டற டைம்லதான் அப்டி திருப்பிக் குடுப்பாங்களாம். ஓ லோக் சோச் ரஹே ஹைன், நீங்க தோட்றீங்கன்னு."

மூன்று பாஷையில் சொன்னாலும் புரிந்தது. கல்யாணத்தை நானே முறிக்கிறேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். கொடுக்கத்தான் மாமன் என்று நான் நினைத்தேன். வாங்கத்தான் மாமன் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் கயிற்றைத் தள்ளத் தள்ள, அந்தப் பெண்ணைக் கார்ட்டூமுக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஷிந்தே அம்மா என் பக்கத்தில்தான் நின்றார். விஷயம் புரிந்ததும் மராத்தியில் என்னைப் பார்த்து, "இந்த மனுஷனுக்கு யார்கிட்டயும் வாங்கிப் பழக்கமே இல்ல. என் தட்டே வீட்டுல ஒரு ராத்திரி தங்கினதில்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுரீர் என்றது. இத்தனை வருடமாக நான் தலை நிமிர்ந்து வாழ்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது கதவைச் சாத்துகிற மாதிரி இருந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளாதவன் எந்த ஊருக்கும் சொந்தம் இல்லை. அன்றைக்குத்தான் இது எனக்குத் தெரிந்தது.

உட்கார்ந்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மஜோக்கைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினேன். அவன் கயிற்றை எடுத்து என் உள்ளங்கைகளில் வைத்தான்.

"என்ன நிறத்தில் வேண்டும் மாமா?" என்றான். அவனுக்கும் நான் மாமா ஆகிவிட்டேன்.

"செவலை" என்றேன். நிறம் எது என்று காட்ட பாண்டியம்மாவின் சேலைக் கரையைத் தொட்டுக் காட்டினேன். அவர்களில் பாதிப் பேர் மாடு மேய்த்து வளர்ந்தவர்கள். நல்ல மாடு என்று ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். கொம்பு எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குள் ஒரு விவாதம் ஆரம்பித்துவிட்டது. பிறகு மஜோக்கே குனிந்து சீர்த்தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டான். பின்வரிசைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். அதில் ஒருவன் வெற்றிலையைக் கீரை என்று நினைத்து ஒரு கவுளிக் கட்டு முழுவதையும் மென்று முடித்தான்.

6

கல்யாணப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு நான் நின்றேன். குமாஸ்தா என் ரேஷன் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அச்சோலைப் பார்த்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"மாமா."

"சக்கே மாமா?" கூடப் பிறந்தவளின் மகளா என்று கேட்கிறார்.

"ஹோ. சக்கே" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு, என் மாமாவும் என்னைவிடக் கறுப்புதான், சாமியார் மாதிரி தாடி வேறு என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

அவர்கள் கிளம்பிய அன்று பூனா ஸ்டேஷனில் அச்சோல் என் முன்னால் குனிந்து நின்றாள். மாமன் தண்ணீர் தெளித்து வாழ்த்த வேண்டுமாம், அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றித் தெளித்தேன். சும்மா இருக்க முடியாமல் பாண்டியம்மா தன் பங்குக்குத் திருநீறும் பூசிவிட்டாள். கழுத்தில் சிலுவை, நெற்றியில் திருநீறு, தலை நனைந்திருக்க அந்தப் பெண் பம்பாய் ரயில் ஏறினாள். வண்டி போன பிறகு பிளாட்பாரம் எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

கயிற்றை சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினேன். துணி காயப்போட எடுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. அந்தத் தீபாவளிக்கு ஷிந்தே அம்மா கொடுத்த தட்டு எங்கள் அலமாரியில் இரண்டு மாதம் இருந்தது. நான்தான் இருக்கட்டும் என்றேன்.

7

அச்சோலுக்கு மெல்போர்னில் மூன்று பிள்ளைகள். வயிறு நன்றாகவே திறந்தது. முகாமிலிருந்து அவள் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பண்டிகைக்குப் பண்டிகை போனில் அந்த அம்மாள் எனக்குத் தெரியாத பாஷையில் என்னை அதட்டுவார், நான் "சரிக்கா" என்பேன். அச்சோல் வேலையும் வீடுமாக இருக்கிறாள். ஆனால் அங்கேயும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே வருகிறது என்று ஒருதரம் சொன்னாள். "ஆனா மாமா, இனி அடுத்த ஊர் தேடப் போறதில்ல. பக்கத்துல ஒருத்தர் உட்கார்ற வரைக்கும் இதே பஸ்ல போறேன்" என்றாள்.

அங்கே சண்டை முடிந்து சமாதானம் ஆனதும் மஜோக் ஊர் திரும்பிவிட்டான். போன வருடம் ஒருநாள் கரகரவென்று ஒரு போன். "மாமா, உங்க பசு கன்னு போட்டிருக்கு. கிடேரி." அந்த வாரம்தான் என் பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். "இனிமே விருந்தாளியா வந்து போ" என்று அண்ணன் பாசமாகத்தான் சொன்னார். ரயிலில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மஜோக்கின் போன் வந்த பிறகுதான் சோறு இறங்கியது. யாரோ ஒருவன் எங்கேயோ என் பெயரைச் சொல்லி ஒரு கன்றுக்கு முளைக்குச்சி அடிக்கிறான் அல்லவா?

இப்போது செல்வி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மெல்போர்னுக்கு அனுப்புகிறார்கள். தமிழ் எழுதத் தெரியாது, பேசினால் பாதி இந்தி. இங்கே அவளை மதராசி என்கிறார்கள், திருமங்கலத்தில் அவளைப் பம்பாய்க்காரி என்கிறார்கள். அங்கே போய் என்னவென்று சொல்லப் போகிறார்களோ என்று எனக்குக் கவலை. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பெட்டி அடுக்கும்போது சூட்கேஸின் ஜிப் பிளந்துகொண்டது. கடைக்குப் போக நேரம் இல்லை. பாண்டியம்மா ஆணியிலிருந்து நீலக் கயிற்றை எடுத்து, என்னைக் கேட்காமலே சூட்கேஸைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள்.

"மம்மி, பிளீஸ். ஏர்போர்ட்ல லோக் என்ன சொல்வாங்க? கயிறு கட்டிட்டு யாராவது போவாங்களா?"

"தேசம் விட்டுத் தேசம் போறவ. துணைக்கு மாடு வரட்டும்டி."

மாடு என் பேரில் இருந்தாலும் பராமரிப்பு அவளுடையதுதானே.

நேற்றுக் காலை மெல்போர்னிலிருந்து செல்வியின் போன் வந்தது. பின்னால் ஒரே பாட்டும் கைதட்டலும்.

"அப்பா, ஏர்போர்ட்டுக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க தெரியுமா? எல்லாரும் பாடறாங்க. அச்சோல் அக்கா கயிறைப் பார்த்ததும் அழுதுட்டாங்க. அவங்க பசங்க என்னைக் காட்டி யாருன்னு கேட்டாங்க, மாமா பொண்ணுன்னு தமிழ்லயே சொன்னாங்க அப்பா." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். "ஆனா ஒரு ப்ராப்ளம். அத்தை, அதான் அவங்க மம்மி, எனக்குன்னு என்னவோ துணில சுத்தி வெச்சிருக்காங்க. பாசி மாலை மாதிரி இருக்கு, பழசு, அவங்களோடதாம். நான் நோ நோ, வேண்டாம்னு சொன்னேன். நீங்க அப்டித்தானே சொல்லிக் குடுத்தீங்க? இப்ப எல்லாரும் சைலன்ட் ஆயிட்டாங்க. என்ன செய்யறது?"

பாட்டு நின்றிருப்பது எனக்கும் கேட்டது.

"வாங்கிக்க தாயி" என்றேன். "போனைக் கீழ வெச்சிட்டு, ரெண்டு கையையும் நீட்டி வாங்கு."